கால்பந்து கேள்வி–பதில்: ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பாக்கி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் பட்டியலையும் அவர்களுடைய ஒப்பந்தங்களையும் எப்படி எடைபோடுவது என்பதைப் பற்றியே அமைந்திருந்தன. பெங்களூரு எஃப்.சி. ஆடும் கண்டீரவா அரங்கம் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால், சென்னையின் எஃப்.சி.யை ஆதரிக்கும் அண்ணனும் பெங்களூரு எஃப்.சி.யை ஆதரிக்கும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கக்கூடிய பகுதி இது. எனவே கேள்விகளில் சற்றுச் சூடும் இருந்தது. சூட்டை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர்மார்க்ட் என்னும் இணையதளத்தில் ஒவ்வோர் அணிக்கும் மொத்த மதிப்பு என்று ஒரு தொகை தரப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு எந்த அணி வலுவானது என்று முடிவு செய்யலாமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பார்வையிடத் தொடங்குவதற்கு அந்தத் தொகை உதவும், முடிவு சொல்வதற்கு உதவாது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட அத்தளம், உறுப்பினர்கள் தங்களுக்குள் விவாதித்துச் சொல்லும் மதிப்பீடுகளைத் தொகுத்து வெளியிடுகிறதே தவிர, கையில் பணத்தோடு வந்த ஒரு கிளப் கேட்ட விலையை வெளியிடுவதில்லை. ஐரோப்பியப் பெரிய லீக்குகளில் ஆட்டக்காரர்கள் அடிக்கடி விலைக்குக் கைமாறுவதால் ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான விலைகள் நிறையக் கிடைக்கின்றன. இந்தியாவிலோ ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து, தொகை எதுவும் இல்லாமல் அணி மாறுவதே வழக்கமாக இருப்பதால், ஒப்பீட்டுக்குக் கிடைக்கும் விலைகள் மிகச் சில.

அதைவிட முக்கியமானது, அந்த மொத்தத் தொகை ஒப்பந்தத்தில் பாக்கியிருக்கும் காலத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதாகும். பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு கிளப் எடுத்துக்கொள்ளும்போது பழைய கிளப் தொகை கேட்க முடியாது என்றானது. பின்னர் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளும் அவ்வழியே சென்றன. ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதங்கள் மட்டும் எஞ்சியிருக்கும்போதே வேறு கிளப்போடு ஆட்டக்காரர் கையெழுத்திட்டுவிடலாம். கிலியான் எம்பாப்பேவுக்காக மொனாக்கோவுக்கு 18 கோடி யூரோ தருவதாக ஒப்புக்கொண்ட பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன், 2024 கோடையில் ஒப்பந்தம் முடிந்து அவர் ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றபோது அணி மாற்றுத் தொகையாக ஒரு யூரோகூடப் பெறவில்லை. அந்த ஆண்டு ஜூன் வரை அந்த அணியின் மதிப்புப் பட்டியலில் அவர் பெயர்தான் உச்சியில் இருந்தது. ஆகவே ஒவ்வோர் ஆட்டக்காரரின் மதிப்புக்குப் பக்கத்திலும் ஒப்பந்தம் முடியும் ஆண்டை எழுதிக்கொண்டு, ஓராண்டுக்குள் முடிபவர்களைத் தனியே கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை கிளப்பின் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும் சொத்து.

விற்பனை மதிப்பும் ஆட்ட மதிப்பும் ஒன்றல்ல என்பதற்கு உங்கள் அண்டை ஊர் அணியான பெங்களூரு எஃப்.சி.யிலேயே சான்று இருக்கிறது. 1984-இல் பிறந்த சுனில் சேத்ரி 2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் 14 கோல்கள் அடித்தார். 40 வயது ஆட்டக்காரரை எந்தக் கிளப்பும் தொகை கொடுத்து வாங்காது என்பதால் மதிப்புப் பட்டியலில் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. களத்திலோ அந்தப் பருவத்தில் இந்திய ஆட்டக்காரர் எவரும் அவரைவிட அதிகக் கோல் அடிக்கவில்லை.

கேள்வி: நான் பூவெடுக்கும் பருவத்திலேயே மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடிப்பவன். இருபது, இருபத்தொரு வயதுப் பையனுக்கு ஆயிரம் கோடி ரூபாய் கொடுக்கிறார்களே, அது எந்தக் கணக்கு?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது குறைவு. பூவைப் பார்த்துக் காயை மதிப்பிட்டு, காற்றுக்கும் மழைக்கும் தத்துப்பூச்சிக்கும் கழித்து, அறுவடைக் காலத்தில் மண்டி விலை என்னவாக இருக்கும் என்று யூகித்து நீங்கள் சொல்லும் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றனவோ, அவையே இதிலும் அடங்கியிருக்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே அறுவடை ஐந்தாறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாம், அதன் பிறகு ஆட்டக்காரரையே விற்கவும் செய்யலாம்.

மொய்செஸ் கைசெடோவை எடுத்துக்கொள்வோம். ஈக்வடாரின் இண்டிபெண்டியென்டே டெல் வாயே கிளப்பிலிருந்து 2021-இல் இங்கிலாந்துக் கிளப்பான பிரைட்டன் அவரைச் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அப்போது அவருக்கு வயது 19. 2023 ஆகஸ்டில் செல்சி அவருக்காக 10 கோடி பவுண்டு கொடுத்து, நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் ஒன்றரைக் கோடி தருவதாகவும் ஒப்புக்கொண்டது. பிரைட்டனின் உரிமையாளர் டோனி புளூம் பந்தயக் கணிப்புத் தொழிலில் புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளீட்டியவர். மற்றவர்கள் அதிகம் பார்க்காத லீக்குகளில், இன்னும் விலை ஏறாத வயதில் ஆட்களைத் தேடுவது அவருடைய கிளப்பின் வழி. லெஸ்டர் சிட்டி 2015-16-இல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்றபோது அதன் நடுக்களத்தில் இருந்த கான்டே, பிரெஞ்சுக் கிளப் கானிடமிருந்து சுமார் 56 லட்சம் பவுண்டுக்கு வந்தவர்; ஓராண்டில் சுமார் 3.2 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார்.

பூ உதிர்ந்த கதையும் உண்டு. 2018 ஜனவரியில் பார்சிலோனா லிவர்பூலிடமிருந்து கூட்டின்யோவை வாங்கியபோது தொடக்கத் தொகையே 12 கோடி யூரோ. 2022-இல் ஆஸ்டன் வில்லாவிடம் அவர் ஏறத்தாழ 2 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டார். இத்தனைக்கும் அவர் அனுபவமற்ற பையனாக அல்ல, 25 வயதில் உச்சத்தில் இருந்தபோது வாங்கப்பட்டவர். அவருக்கு மிகவும் பிடித்த இடத்தில் ஆட பார்சிலோனாவில் ஏற்கெனவே ஆள் இருந்தது என்பதே என் கருத்தில் முதன்மையான காரணம். எனவே விலை கூறும்போது வயது, ஆடிய நிமிடங்கள், லீக்கின் தரம், காயங்களின் வரலாறு ஆகியவற்றோடு, வாங்கும் அணியில் அவருக்கான இடம் காலியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் தருமபுரியில் பி.காம். படிக்கிறேன். செல்சி கிளப் சிலருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது கணக்கியல் தந்திரம் என்கிறார்களே, அது எப்படி?
— ஒரு வாசகி, தருமபுரி

பதில்: ஆட்டக்காரரை வாங்கக் கொடுத்த தொகை முழுவதும் அந்த ஆண்டே செலவாக எழுதப்படுவதில்லை. அவரைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை ஒரு புலனாகாச் சொத்தாக (கையால் தொட முடியாத, ஆனால் மதிப்புள்ள உரிமையாக) கருதப்பட்டு, ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதப்படுகிறது. 2023 ஜனவரியில் பென்ஃபிகாவிலிருந்து என்சோ ஃபெர்னாண்டஸ் சுமார் 10.68 கோடி பவுண்டுக்கு, எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் செல்சிக்கு வந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 2.1 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. எட்டரை ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 1.26 கோடிதான். கிளப்புகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற விதி இருப்பதால், இந்த வேறுபாடு மேலும் ஒருவரை வாங்க இடம் கொடுக்கிறது. 2023 ஜூலையிலிருந்து ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும், அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும், ஒப்பந்தம் எவ்வளவு நீண்டாலும் புதிதாக வாங்கப்படுவோருக்கு ஐந்தாண்டுக்கு மேல் பிரிக்க முடியாது என்று விதித்துவிட்டன.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. 100 கோடி ரூபாய்க்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கப்பட்ட ஒருவருக்கு மூன்றாண்டு கழித்து ஏட்டில் இருக்கும் மதிப்பு 40 கோடி. அவரை 60 கோடிக்கு விற்றால், களத்தைப் பார்ப்பவருக்கு அது 40 கோடி இழப்பு, கணக்கைப் பார்ப்பவருக்கு 20 கோடி இலாபம். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவருக்கோ ஏட்டு மதிப்பு ஏறக்குறைய சுழி. அவரை விற்று வரும் தொகை அப்படியே இலாபமாகிவிடுகிறது. ஆறு வயதிலிருந்து செல்சியில் வளர்ந்த மேசன் மவுண்ட் 2023-இல் 5.5 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டதை ரசிகர்கள் வேதனையோடு பார்த்தார்கள். கணக்காளர்கள் வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள். சொந்தப் பிள்ளையை விற்பதற்கு ஊக்கமளிக்கும் விதி நல்ல விதியாக எனக்குப் படவில்லை.

நீண்ட ஒப்பந்தத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஆட்டக்காரர் சோபிக்காவிட்டாலும் ஊதியம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஊதியத்தை வேறு எந்தக் கிளப்பும் தர முன்வராததால் அவரை விற்கவும் முடியாது. பட்டியலை மதிப்பிடும்போது இத்தகையவர்களைச் சொத்துப் பக்கத்தில் எழுதாமல் கடன் பக்கத்தில் எழுதுவதே சரி.

கேள்வி: விடுவிப்புத் தொகை என்று ஒப்பந்தங்களில் எழுதுகிறார்களே, அதுதான் ஆட்டக்காரரின் விலையா?
— ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: இல்லை. அந்தத் தொகை செலுத்தப்பட்டால் கிளப் தடுக்க முடியாது என்பதே அதன் பொருள். ஸ்பெயினில் 1985-ஆம் ஆண்டின் அரசாணையை ஒட்டி இவ்வழக்கம் வேரூன்றியது. யாரும் தரமாட்டார்கள் என்று நினைத்து நெய்மருக்கு எழுதிவைத்த 22.2 கோடி யூரோவை 2017-இல் பாரிஸ் கிளப் தந்துவிட்டது; பார்சிலோனாவால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

கேள்வி: பருவம் தொடங்கும் முன் ஓர் ஐ.எஸ்.எல். அணியின் பட்டியலை வீட்டிலிருந்தே மதிப்பிட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள், நிமிடங்களிலிருந்து தொடங்குங்கள். 2024-25 பருவத்தில் 13 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் 24 ஆட்டங்கள் ஆடியது. ஓர் ஆட்டத்துக்கு 90 நிமிடம், 11 பேர் என்று வைத்தால் ஓர் அணி பகிர்ந்தளிக்க வேண்டிய நிமிடங்கள் 23,760. இவற்றில் எத்தனை நிமிடங்கள் இப்போதும் அணியில் இருப்பவர்களால் ஆடப்பட்டவை, எத்தனை வெளியேறியவர்களால் ஆடப்பட்டவை என்று பிரித்தாலே, கோடைக்காலத்தில் வந்த புதிய பெயர்களைக் கண்டு எழும் மயக்கம் பாதி தெளிந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறியிருந்தால், வந்தவர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும் அந்த அணி கூடி ஆடப் பழகுவதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து வெளிநாட்டவர். 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்களே ஆடலாம் என்பதால், குறைந்தது ஏழு இடங்களை இந்தியர்கள் நிரப்ப வேண்டும். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அந்த நான்கு இடங்களை முன்கள நடுவிலும், நடுக்களத்திலும், பின்கள நடுவிலும் செலவிடுகிறார்கள். இதன் விளைவு இரண்டு. இந்திய முன்கள ஆட்டக்காரர்களுக்கு நிமிடங்கள் கிடைப்பதில்லை, அதனால் தேசிய அணிக்குக் கோலடிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. மற்றொன்று, பின்கள நடுவில் நம்பி நிறுத்தக்கூடிய ஓர் இந்தியர் கிடைத்தால், அவர் தம் ஆட்டத்தின் மதிப்போடு ஒரு வெளிநாட்டவர் இடத்தையும் விடுவித்துத் தருகிறார். அப்படிப்பட்டவரின் ஊதியம் அவருடைய ஆட்டத்துக்கு மிகையாகத் தோன்றினாலும் பெரும்பாலும் மிகையல்ல. ஊதியத்துக்கு உச்சவரம்பு உள்ள ஒரு லீக்கில் இத்தகைய ஒருவர் அணியில் இருப்பதைவிடப் பெரிய அனுகூலத்தை நான் கண்டதில்லை.

மூன்றாவது, கோல்கள் எங்கிருந்து வந்தன என்பது. எதிர்பார்ப்புக் கோல் என்னும் அளவீடு, ஒவ்வோர் உதையும் கோலாகும் வாய்ப்பைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாகத் தருகிறது; பெனால்டி உதை என்றால் அது ஏறத்தாழ 0.76 முதல் 0.79 வரை. ஏழு கோல்களுக்கான வாய்ப்புகளிலிருந்து பன்னிரண்டு கோல்கள் அடித்தவர் அடுத்த பருவமும் அதையே செய்வார் என்று நம்பி இரு மடங்கு ஊதியத்தில் மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுப்பது, கிளப்புகள் மறுபடி மறுபடி செய்யும் தவறு. மாறாக, பன்னிரண்டுக்கான வாய்ப்புகளை உருவாக்கிக்கொண்டு எட்டு மட்டும் அடித்தவர் மலிவாகக் கிடைப்பார், அவரைத் தேடுங்கள்.

ஒரே தோளில் எல்லாப் பாரமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தை வென்றபோது, ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார். அவரைக் கண்டெடுத்தது சிறப்பான தேர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படி ஒருவரைக் கண்டெடுத்த சிறிய கிளப் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது. 2020-இன் தொடக்கத்தில் அவர் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கிளப்புக்குச் சென்றுவிட்டார், பட்டமும் அந்தப் பருவத்தில் மோகன் பகானிடம் போயிற்று. ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆளையும் இரண்டாம் ஆளையும் எழுதிப் பார்த்து, இருவருக்கும் இடையிலான தரவேறுபாடு எங்கே மிக அதிகமோ அங்கே ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். காயங்கள் உங்கள் வட்டத்தைத் தேடி வருவதில்லைதான். வந்தால் அந்தப் பருவம் அங்கேதான் உடையும்.

கேள்வி: ஊதியம் வராவிட்டால் ஒப்பந்தம் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: குறைந்தது இரண்டு மாத ஊதியம் நிலுவையில் இருந்தால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் கோரிக்கை விடுத்து 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடமளிக்கிறது. லீக்கை நடத்தும் உரிமைக்காக இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் செய்துகொண்ட 15 ஆண்டு உடன்படிக்கை முடியும் தறுவாயில் புதுப்பிக்கப்படாததால், 2025-இல் ஐ.எஸ்.எல். உரிய நேரத்தில் தொடங்கவில்லை. சில கிளப்புகள் ஊதியத்தையே நிறுத்தி வைத்தன. ஆகவே தாளில் மூன்றாண்டு பாக்கி என்று எழுதியிருந்தாலும், கொடுப்பவரின் நிலை ஆட்டம் கண்டால் அந்த மூன்றாண்டு இரண்டே மாதங்களாகச் சுருங்கிவிடக்கூடும்.

கேள்வி: அப்படியானால் ஆட்டக்காரர் விரும்பும்போதெல்லாம் விலகலாமா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: நியாயமான காரணம் இல்லாமல் விலகினால் இழப்பீடும் ஆட்டத் தடையும் வரும். 28 வயதுக்கு முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் முதல் மூன்று பருவங்கள் அல்லது மூன்று ஆண்டுகள், அதற்குப் பின் கையெழுத்திட்டதில் இரண்டு, அந்தத் தடைக்கு வழிவகுக்கும் காப்புக் காலமாகக் கருதப்படுகின்றன. வேறொரு கிளப்பிலிருந்து நான்காண்டுக்குக் கடனாக மோகன் பகானுக்கு ஆட அனுப்பப்பட்டிருந்த பின்கள ஆட்டக்காரர் அன்வர் அலி அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றபோது, 2024 செப்டம்பரில் கூட்டமைப்பின் குழு அவருக்கு நான்கு மாதத் தடையும், அவர் உள்ளிட்ட தரப்பினருக்கு 12.9 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. விவகாரம் பின்னர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மேலே நான் சொன்ன, இடத்தை விடுவித்துத் தரும் இந்தியப் பின்கள ஆட்டக்காரருக்கு என்ன மதிப்பு என்பதற்கு அந்த வழக்கே சான்று.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒரு பயிற்சி மையத்தில் ஆடுகிறான். ஒரு முகவர் வந்து நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? பையன் பெரிய கிளப்புக்குப் போனால் பயிற்சி மையத்துக்கு ஏதாவது கிடைக்குமா?
— ஒரு தாய், அரூர்

பதில்: அம்மா, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஃபிஃபா விதிப்படி 18 வயது நிரம்பாத ஆட்டக்காரரின் தொழில்முறை ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு மேல் செல்லாது, அதற்கு மேல் எழுதியிருந்தாலும் கால்பந்து அமைப்புகள் அதை ஏற்பதில்லை. சிறாரை ஒரு முகவர் அணுக வேண்டுமானால், பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்தை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்காமல் நேரே பையனிடம் தாளை நீட்டுபவர் ஃபிஃபா உரிமம் பெற்றவர்தானா என்று கேளுங்கள். கிளப்போடு செய்யும் ஒப்பந்தமும் முகவரோடு செய்யும் ஒப்பந்தமும் வெவ்வேறு. இரண்டின் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மறுவிற்பனையில் பங்கு, காயமடைந்தால் சிகிச்சைச் செலவு, படிப்பைத் தொடர அனுமதி ஆகியவை வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும்.

பயிற்சி மையத்துக்கு வருமானம் வர வழி இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுத் தொகையோடு செல்லும்போது, அத்தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.5 விழுக்காடு. பத்துக் கோடி ரூபாய்க்கு ஒரு பையன் வெளிநாடு செல்கிறான் என்று வைத்துக்கொண்டால், 12 வயதிலிருந்து 16 வயது வரையிலான ஐந்து ஆண்டுகள் அவனை வைத்திருந்த மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் சேரும். அரூர் போன்ற ஊரில் இயங்கும் ஒரு மையத்துக்கு அது பல ஆண்டுச் செலவு. ஆனால் அந்த மையம் கூட்டமைப்போடு இணைந்த கிளப்பாக இருக்க வேண்டும், பையன் ஒவ்வோர் ஆண்டும் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் அதன் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இத்தொகைகளைப் பாரிஸில் உள்ள ஃபிஃபா தீர்வகம் பகிர்ந்தளிக்கிறது. அது பார்ப்பது மின்னணு ஆட்டக்காரர் கடவுச்சீட்டை, அதாவது எந்த ஆண்டு எங்கே பதிவாகியிருந்தார் என்ற வரிசையை மட்டுமே. உங்கள் மகனுடைய பதிவு எண்ணை மையத்திடம் கேட்டு வாங்கி, பிறந்த தேதியும் பதிவு செய்யப்பட்ட ஆண்டுகளும் சரியாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகவரின் தாளுக்கு அதன் பிறகு பதில் சொன்னால் போதும்.